படம் காட்டினால் காசு வருமா?



நம்ம கோயில் அன்னதானச் சமையலறையைப் புதுப்பிக்க நிதி திரட்டணும்னு போன மாதம் பேசினோம். "ரெண்டு நிமிஷ வீடியோ எடுத்து, சோகமா ஒரு இசையைப் போட்டு வாட்ஸ்அப்ல விடுங்க, காசு தானா வரும்"னு ஒரு அண்ணன் சொன்னார். நானும் மறுநாள் கேமராவோடு பந்திக்குப் போனேன். பல வருஷமா அங்கே பரிமாறுகிற அம்மா ஒருத்தர் குறுக்கே வந்து நின்னாங்க. "சாப்பிடுறவங்க மூஞ்சியைக் காட்டிக் காசு கேக்காதே தம்பி" என்றார்.

அது மனசுல தைச்சது. வீட்டுக்குப் போய், படம் காட்டி நிதி திரட்டிய பழைய கதைகளைத் தேடிப் படிச்சேன். அதைத்தான் இங்கே பகிர்ந்துக்கிறேன்.

முதலாம் உலகப் போர் முடிந்தும் ஆஸ்திரியாவில் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். 1919-ல் எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணி, பசியால் வாடிய குழந்தையின் படம் போட்ட துண்டுத்தாளை லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்துக் கைதானார். அபராதம் 5 பவுண்டு. அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞரே, வழக்கு முடிந்ததும் அந்த 5 பவுண்டைத் தன் கையிலிருந்து கொடுத்தாராம். அதே ஆண்டு ஜெப்பும் அவருடைய சகோதரியும் சேர்ந்து 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பைத் தொடங்கினார்கள்.

1921-ல் ரஷ்யாவின் வோல்கா பகுதியில் கொடும் பஞ்சம். ஆனா பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று, "இதெல்லாம் மிகைப்படுத்தல், நம்ம ஊர்க் காசு ஏன் அங்கே போகணும்?" என்ற தோரணையில் எழுதியது. வாதம் பண்ணிக்கிட்டு இருக்காம, அமைப்பு ஜார்ஜ் மியூஸ் என்ற படப்பிடிப்பாளரை அங்கே அனுப்பியது. அவர் எடுத்த படம் 1922-ல் பிரிட்டனில் திரையிடப்பட்டது. அதில் பஞ்சத்தின் கொடுமை மட்டும் இல்லை, பிள்ளைகளுக்கு உணவு கொடுத்த சமையற்கூடங்களும் இருந்தன. சரடோவ் வட்டாரத்தில் சுமார் 3 லட்சம் பிள்ளைகளுக்கு அந்த அமைப்பு சோறு போட்டது. பசியைப் பார்த்தா இரக்கம் வரும். அடுப்பு எரியறதையும் பார்த்தாதான் நம்பிக்கை வரும்.

அடுத்தது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1984 அக்டோபர் 23. எத்தியோப்பியாவின் கோரெம் முகாமில் நைரோபிக்காரரான முகமது அமின் எடுத்த காட்சிகள், மைக்கேல் பியூர்க்கின் குரலோடு பிபிசியில் வந்தன. அதன் விளைவாகத்தான் 1985 ஜூலை 13-ல் 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சி நடந்தது. அன்று டேவிட் போவி தன்னுடைய ஒரு பாட்டையே விட்டுக்கொடுத்து, அந்த நேரத்தில் பஞ்சக் காட்சிகளைத் திரையிடச் செய்தார்.

காசு குவிந்தது உண்மை. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: எலும்பும் தோலுமாகக் கிடக்கும் பிள்ளைக்கு மானம் கிடையாதா? 1989-ல் ஐரோப்பிய தொண்டு அமைப்புகள் கூடி, மக்களை வெறும் பரிதாபப் பொருளாகக் காட்டக்கூடாது என்று தங்களுக்கே ஒரு நடத்தை விதியை வகுத்தன. நம்ம பந்தியில் அந்த அம்மா சொன்னதும் இதேதான்!

மூன்றாவது கதை நம்ம சிங்கப்பூரில் நடந்தது. 1994-லிருந்து தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம். கலைஞர்கள் உயிரைப் பணயம் வைத்து சாகசம் செய்ய, நாம் தொலைபேசியை எடுத்து நன்கொடை கொடுத்தோம். 2005 ஜூலையில் நீதிமன்றத்தில் உண்மை வெளிவந்தது. தங்க முலாம் பூசிய குழாய், தலைமை நிர்வாகிக்கு வருஷத்துக்கு 6 லட்சம் வெள்ளி என்றெல்லாம் கேட்டு ஊரே கொதித்தது. பல்லாயிரம் பேர் நன்கொடையை நிறுத்தினார்கள். அங்கே காணொளிக்குக் குறைச்சலே இல்லை. கணக்குத்தான் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. அடி விழுந்தது ஒரு நிறுவனத்துக்கு, ஆனா மற்ற உண்டியல்களையும் மக்கள் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள்.

அதனால நிர்வாகக் குழுவிடம் நான் கேட்டுக்கொண்டது இதுதான். சாப்பிட வருகிறவர்கள் யார் முகமும் காணொளியில் வேண்டாம். பழைய அடுப்பு, ஒழுகுகிற குழாய், குத்தகையாளர் கொடுத்த விலைப்பட்டியல், இவை போதும். வேலை முடிந்ததும் இரண்டாவது காணொளி: எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, மீதி எங்கே, எல்லாம் ரசீதோடு. குழு சம்மதித்திருக்கிறது.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்படின்னா என் கையை எடுத்துக்கோ"ன்னு சொல்லிட்டு, கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளற ஆரம்பிச்சிட்டாங்க. முதல் காணொளி அந்தக் கையில்தான் தொடங்கும்.

10 வெள்ளியோ 1,000 வெள்ளியோ, முடிந்ததைக் கொடுங்க. கொடுத்த பிறகு, இரண்டாவது காணொளி எங்கேன்னு எங்களைக் கேளுங்க. கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. காட்டுகிற கடமை எங்களுக்கு.

வேலும் மயிலும் துணை.