பத்து வெள்ளியில் எழுந்த சங்கம்

1957-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. நாடெங்கும் களிப்புப் பொங்கிய அக்காலத்திலேயே இரப்பர்த் தோட்டத் தமிழரின் உள்ளத்தில் பேரச்சம் ஒன்றும் குடிகொண்டிருந்தது. புதிய அரசு தோட்டங்களை நாட்டுடைமையாக்கிவிடுமோ என்ற ஐயத்தாலும், நிலத்துக்கு நல்ல விலை கிடைத்தமையாலும் ஐரோப்பியக் கம்பெனிகள் சில, 1950-களின் தொடக்கம் முதலே தத்தம் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டிருந்தன. வாங்கிய வணிகருட் பலர் தோட்டத்தை நடத்த வாங்கினாரல்லர். சிறுசிறு கூறுகளாக்கி மறுவிற்பனை செய்யவே வாங்கினர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது.

துண்டாடலின் கொடுமை வேலையிழப்போடு முடியவில்லை. நூறு ஏக்கருக்குக் குறைந்த நிலம் சட்டத்தின் கண்ணில் தோட்டமன்று, சிறுதோட்டமே. தோட்டமாக இருந்தவரை லயம், குடிநீர், மருந்தகம் ஆகியவற்றைத் தர வேண்டிய கடப்பாடு முதலாளிக்கு இருந்தது. கூறுபோட்ட பின்னர் யாரைக் கேட்பது? தோட்டப் பள்ளியின் கதியும் அதுவே. நம் தோட்டப் பள்ளிகள் பல தோன்றுதற்கு 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பெருங்காரணம் என்பதை ஆசிரியர்கள் அறிவர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது அச்சட்டம். தோட்டம் சிதறினால் குடும்பங்கள் சிதறும். குடும்பங்கள் சிதறினால் பள்ளிக்குப் பிள்ளைகள் ஏது? பேராசிரியர் உங்கு அசீஸ் துண்டாடலை ஆராய்ந்து எழுதிய நூல் 1960-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. துண்டாடலுக்கு அரசின் முன்ஒப்புதல் வேண்டுமென்ற விதி நிலச் சட்டத்தில் புகுந்ததோ அதற்கும் பின்னரேயாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க இயலாதென்று உணர்ந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1955-இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைமையை ஏற்றவர். தம் ஊரில் 1954-இல் மகாத்மா காந்தி கலாசாலையை நிறுவியவரும் இவரே. தோட்டம் விலைக்கு வருமாயின் அதனைத் தொழிலாளரே வாங்குதல் வேண்டும் என்பது அவர் கண்ட வழி. கேட்டவுடன் நகைப்பிற்கிடமாகத் தோன்றும் எண்ணந்தான். பல இலக்கம் வெள்ளி பெறும் தோட்டத்தை, நாளொன்றுக்கு மூன்று வெள்ளியை ஒட்டிய கூலி பெறுபவர் வாங்குவதாவது! ஆயினும் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தீர்க்கலாம் என்று ஏற்பாடாயிற்று.

பத்து வெள்ளி என்றால் மூன்று நாளைக்கு மேற்பட்ட உழைப்பு. இருள் பிரியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, மரம் மரமாக ஓடி ஈட்டிய பணம். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அன்றையக் கூலியும் இல்லை. சீட்டுக்கும் கடைக்கடனுக்கும் போக மிஞ்சுவதிலிருந்து பத்து வெள்ளியைப் பிரித்தெடுத்து, கண்ணாற் காணாத ஒரு சங்கத்திற்குக் கொடுக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! சம்பந்தன் அமைச்சராக இருந்தபோதும் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் நேரிற் பேசினார். வரலாறு எழுதுவோர் தலைவரைப் போற்றுகின்றனர், அது தக்கதே. கொடுத்த கைகளைப் பற்றி இரண்டு வரியேனும் எழுதியிருக்கலாம் என்பது என் குறை.

1961-இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுவே முதல் தோட்டம். பின்னர்ப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. சம்பந்தன் 1979 மே 18-இல் மறைந்தார். கோலாலம்பூரிலுள்ள விஸ்மா துன் சம்பந்தன் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காக்க இயலவில்லை என்பதையும் மாணவர்க்குச் சொல்ல வேண்டும். துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து வெளியேறியோர் மிகப் பலர். மேலும், பங்குதாரருக்குச் சொந்தமாக ஒரு காணி நிலமும் பிரித்துத் தரப்படவில்லை. தோட்டத்திற்கு உரியவர்களுள் ஒருவராகிய தொழிலாளி, மறுநாளும் அதே தோட்டத்தில் கூலிக்கே பால் வெட்டினார். இதனைக் குறையெனக் கூறுவோர் உளர். கூறுபோடாமைக்காகவே எழுந்த சங்கம் தானே நிலத்தைக் கூறுபோடுதல் எங்ஙனம் என்பது என் கருத்து. எனினும் அத்தொழிலாளியின் பக்கம் நின்று கேட்கப்படும் கேள்விக்கு இவ்விடை போதுமா என்பதை வகுப்பில் மாணவரே வாதிட்டுப் பார்க்கட்டும்.