ஆடும் நாற்காலியிலிருந்து ஓடாத சைக்கிள் வரை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, கண்ணுல ஒரு கண்ணாடி மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிச்சா பார்க்கின்சன் நோய்க்கு நல்லதாம். விளம்பரம் வருது. அப்பாவுக்கு வாங்கலாமா?" அத்தானுக்கு இந்த நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது என்பது உறவுகளுக்குத் தெரியும். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) "படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்மா" என்றேன். படிக்கப் போனவன் 200 வருடக் கதை ஒன்றில் மாட்டிக்கொண்டேன்.

1817-இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் இருப்பது மொத்தம் ஆறே பேருடைய கதை. அவர்களிலும் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. கை நடுக்கம், முன்னால் சாய்ந்த உடம்பு, தொடங்கினால் ஓட்டமாக மாறிவிடும் நடை, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே குறித்துவைத்தார். அவர் பிறந்த ஏப்ரல் 11 தான் இன்று உலகப் பார்க்கின்சன் தினம். நோய்க்கு அவர் பெயரை வைக்கச் சொன்னவர் பாரிஸ் நகரத்து நரம்பியல் மேதை ஷார்க்கோ.

எனக்குப் பிடித்த கட்டம் இந்த ஷார்க்கோவுடையது. அவரிடம் வந்த நோயாளிகள் சிலர், ரயிலிலோ குதிரை வண்டியிலோ நெடுந்தூரம் குலுங்கிக்கொண்டு வந்தால் உடம்பு லேசாக இருக்கிறது என்றார்கள். அவர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். ரயில் பெட்டி போலவே அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்யவைத்து நோயாளிகளை அதில் உட்காரவைத்தார். 1892-இல் அதைப் பற்றி விரிவுரையும் ஆற்றினார். அடுத்த வருடமே காலமாகிவிட்டார்.

அந்த நாற்காலி உண்மையில் வேலை செய்ததா? 120 வருடம் கழித்து, 2012-இல், சிகாகோ மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு அதிரும் நாற்காலி, இன்னொரு குழுவுக்கு அதிராத நாற்காலி. இரண்டு குழுவுக்குமே ஒரே அளவு குணம் தெரிந்தது! அமைதியாக உட்கார்ந்ததும், நம்மைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்ற எண்ணமுமே பாதி மருந்து போலிருக்கிறது. விளம்பரம் பார்த்துப் பொருள் வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோயின் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தரும் செல்கள் அழிந்துகொண்டே வருகின்றன. அதனால் கை வீசி நடப்பது, சட்டைப் பொத்தான் போடுவது என்று நாம் யோசிக்காமல் செய்யும் காரியங்களுக்கு உள்ளேயிருந்து தாளம் போட ஆளில்லை. (இதற்கு இன்று தரப்படும் முக்கிய மருந்தான லெவோடோபாவை 1937-இலேயே பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள், நம் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில். அது இந்த நோய்க்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.)

உள்ளே தாளம் இல்லாவிட்டாலும் வெளியிலிருந்து கிடைத்தால் உடம்பு பிடித்துக்கொள்கிறது. பர்டன் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1967-இல் வெளியிட்ட நூலில் இதைக் காட்டினார். நடக்க முடியாமல் உறைந்து நிற்கும் நோயாளியின் முன்னால், தரையில் இடைவெளி விட்டுக் குறுக்குக் கோடுகள் போட்டால், கோடு கோடாகத் தாண்டி நடந்துவிடுகிறார். அதே கோடுகளை நீளவாக்கில் போட்டால் பயனில்லை. இதைப் படித்தபோது நம் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட காலை நேரங்கள் நினைவுக்கு வந்தன.

இனி சைக்கிள். 2003-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தை ஒரு வாரத்தில் குறுக்கே கடக்கும் பெரிய சைக்கிள் பயணத்தில், ஜே ஆல்பர்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் கலந்துகொண்டார். இருவர் மிதிக்கும் நீளச் சைக்கிள். பின் இருக்கையில் பார்க்கின்சன் நோயுள்ள ஒரு பெண். இந்தச் சைக்கிளில் இரண்டு பேர் பெடலும் ஒரே சங்கிலியில் கட்டுண்டது. முன்னால் இருப்பவர் வேகமாக மிதித்தால் பின்னால் இருப்பவர் காலும் அந்த வேகத்துக்கு வந்தே ஆக வேண்டும். சில நாளில் அந்தப் பெண்ணின் கையெழுத்து திருந்தியிருந்ததைப் பார்த்து ஆல்பர்ட்ஸ் ஆச்சரியப்பட்டார். மிதித்தது கால், மாறியது கை!

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இந்த நோயில் எழுத்து வரவரச் சிறுத்துப் போகும். எட்டு வருடத்துக்கு முன் அத்தான் கல்யாணப் பத்திரிகை உறைகளின் மேல் எழுதிய விலாசங்கள் எறும்பு வரிசை போல இருந்தன. "என்ன அத்தான், மையை மிச்சம் பிடிக்கிறீங்களா?" என்று நான் கேலி செய்தேன். 34 வருடம் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தியவன் நான். அது நோயின் அடையாளம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆல்பர்ட்ஸ் அத்தோடு விடவில்லை. 2009-இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில் பத்தே பேர். வாரம் மூன்று நாள் என எட்டு வாரம். ஒரு சாரார் தாமாக விரும்பிய வேகத்தில் மிதித்தார்கள். மற்றவர்களைப் பயிற்சியாளர் இரட்டைச் சைக்கிளில் வைத்து நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வரை இழுத்தார். இழுக்கப்பட்டவர்களின் இயக்கக் குறைபாட்டு மதிப்பெண் 35 சதவீதம் மேம்பட்டது, மற்றவர்களுக்கு மாற்றமில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் கேள்வி பெரியது.

2010-இல் நெதர்லாந்து மருத்துவர் பாஸ்டியான் புளூம் ஒரு வீடியோவோடு கட்டுரை வெளியிட்டார். பத்து வருடமாக நோயுள்ள 58 வயதுக்காரர், இரண்டடி வைப்பதற்குள் உறைந்து விழப்போகிறார். அதே மனிதரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டால் சரளமாக ஓட்டிப்போய்த் திரும்பி வருகிறார்! இறங்கியதும் மறுபடி உறைந்துவிடுகிறார். சுற்றும் பெடலே காலுக்குத் தாளம் போடுகிறது என்பது ஒரு விளக்கம். மக்கள்தொகையை விடச் சைக்கிள்கள் அதிகமுள்ள நாட்டில் இது கண்ணில் பட்டது பொருத்தம்தான்.

இதில் மெய்நிகர் உலகம் எப்போது வந்து சேர்ந்தது? அமெரிக்கரான மார்ட்டன் ஹைலிக் 1962-இல் காப்புரிமை பெற்ற 'சென்சோரமா' பெட்டியில் தலையை நுழைத்தால், நியூயார்க் தெருவில் மோட்டார் சைக்கிளில் போவது போலவே இருக்கும். இருக்கை அதிரும், காற்று முகத்தில் அடிக்கும், வாசனை கூட வரும். ஷார்க்கோ இருந்திருந்தால் ஒன்று வாங்கியிருப்பார். ஆனால் அதிலும் சும்மா உட்கார்ந்தால் போதும். 1980களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தார் உடற்பயிற்சி சைக்கிளைக் கம்ப்யூட்டர் உலகத்தோடு இணைத்தார்கள். வேகமாக மிதித்தால் சைக்கிள் பறக்கும்! நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் விரியும் சாலையில் குறியீடுகள் போட்டும், தாள ஒலி கொடுத்தும் பார்த்தார்கள். பார்க்கின்சன் நோயாளிகள் வேகம் கூட்டி மிதித்தார்கள். மார்ட்டினின் தரைக்கோடு திரைக்கு ஏறிவிட்டது.

பெரிய பரீட்சை 2019-இல் வெளிவந்தது, புளூம் குழுவினருடையது. 130 நோயாளிகள், ஆறு மாதம், அவரவர் வீட்டிலேயே. பாதிப் பேருக்கு நிலையான சைக்கிளும் எதிரே திரையும். சாலைக் காட்சிகளும் விளையாட்டுகளும் ஓட, வாரம் மூன்று நாள், 30 முதல் 45 நிமிடம் மிதிக்க வேண்டும். எட்ட வேண்டிய இதயத்துடிப்பின் அளவைப் படிப்படியாகக் கூட்டினார்கள். மற்றவர்களுக்குக் கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி. முடிவில், மருந்து எடுக்காத நிலையில் சோதித்தபோது, நீட்டி மடக்கியவர்களின் நோய் மதிப்பெண் 5.6 புள்ளி மோசமாகியிருந்தது. மிதித்தவர்களுக்கு 1.3 மட்டுமே. நன்றாகக் கவனியுங்கள், மிதித்தவர்களும் குணமாகிவிடவில்லை. சரிவு மெதுவாயிற்று, அவ்வளவே. ஆறு மாதம் விடாமல் மிதிக்கவைப்பதுதான் கஷ்டம், திரை அதற்குத் துணை.

அக்கா மகளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. அப்பாவின் டாக்டரிடம் முதலில் கேள், இதயத்தையும் பார்க்கச் சொல் என்றேன். கண்ணை மூடும் கருவி வேண்டாம், ஏற்கெனவே எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறவர் அவர். முதுகு சாய்க்கும் இருக்கையுள்ள சாதாரண நிலைச் சைக்கிள் போதும், எதிரே டிவி, பக்கத்தில் ஒரு ஆள்.

டாக்டர் சரி என்றார். பேரன் தன் வண்டியின் முன்னால் போனைக் கட்டி, ஊர்ச் சாலையைப் படம் எடுத்துவந்தான். முதல் நாள் அத்தான் எட்டு நிமிடம் மிதித்தார். திரையில் ஒரு மாடு குறுக்கே வந்தபோது அவர் கட்டைவிரல் கைப்பிடியில் மணியைத் தேடியதை நான் பார்த்தேன். இப்போது 20 நிமிடம் வரை வந்திருக்கிறார். கையெழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மூன்று வாரம்தானே ஆகிறது.