எலானோ: இரண்டு பட்டியலில் ஒரு பெயர்

பிரேசில் கால்பந்து என்றால் நம் வயதுக்காரர்கள் பெலே என்பார்கள். பேரப்பிள்ளைகள் நெய்மார் என்பார்கள். அந்த இருவரும் ஆடிய சாண்டோஸ் கிளப்பில் ஆடி, பிறகு சென்னைக்கே வந்து விளையாடியவர் எலானோ. காரைக்குடியில் அவர் பெயரைச் சொன்னால், "யார் அது?" என்றுதான் கேட்கிறார்கள்.

எலானோ புளூமர் 1981-ல் சாவ் பாவ்லோ மாநிலத்தின் இரசெமாபோலிஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். 2002-ல் சாண்டோஸ் பிரேசில் சாம்பியன் ஆனது. அணியில் எலானோவும் உண்டு. புகழோ ரொபீனோவுக்கும் தியேகோவுக்கும் போயிற்று. 2011-ல் சாண்டோஸ் தென்னமெரிக்காவின் லிபர்டடோரஸ் கோப்பையை வென்றது. அப்போதும் இருந்தார், ஊர் உலகமெல்லாம் நெய்மாரைத்தான் பார்த்தது. இடையில் உக்ரைன், இங்கிலாந்து, துருக்கி என்று ஆடினார். மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும்.

பிரேசில் தேசிய அணிக்காக 50 ஆட்டம் ஆடி 9 கோல் போட்டார். 2010 உலகக் கோப்பையில் வட கொரியாவுடன் ஒரு கோல், ஐவரி கோஸ்டுடன் ஒரு கோல். அந்த இரண்டாவது ஆட்டத்திலேயே காலில் அடிபட்டு வெளியேறினார். காலிறுதியில் நெதர்லாந்திடம் பிரேசில் தோற்றபோது அவர் களத்தில் இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. சென்னையின் அணியில் எலானோ சேர்ந்தார். பயிற்சியாளர், 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிடானிடம் தலையால் முட்டு வாங்கிய இத்தாலியர் மத்தராத்சி! பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் கிடையாது. ஆனாலும் எலானோவுக்காகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தேன். நாங்கள் பள்ளியில் 'கூ ஃப்ரான்' என்று சொன்ன ப்ரீ கிக்கை அவர் அடிக்கும் அழகே தனி. 8 கோல் போட்டு, அந்த முதல் லீக்கிலேயே அதிகக் கோல் அடித்தவர் ஆனார்.

அடுத்த ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னை தத்தளித்தது. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் பூனாவில் ஆடினார்கள். அதில் வென்று, கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் 3-2 என்று கோப்பையையும் கைப்பற்றினார்கள். அந்த ஆண்டு 13 கோல் போட்டு முதலிடம் பிடித்தவர் கொலம்பியாவின் மெண்டோசா. ஆனால் சென்னைக்குக் கால்பந்து ஆசையை முதலில் ஊட்டியவர் எலானோ என்றே நான் சொல்வேன்.

அலுவலகத்தில் சீனியாரிட்டி பட்டியல் பார்த்துப் பழகியவன் நான். ஒரு பட்டியலில் நாற்பதாவதாக நிற்கும் பெயர், வேறொரு பட்டியலில் முதலாவதாக நிற்கும். ஆள் என்னவோ அதே ஆள்தான். நம் செட்டிநாட்டில் இது புதிதல்ல. ஊரில் பத்தோடு பதினொன்றாக இருந்து, பர்மாவிலும் மலாயாவிலும் போய்ப் பெயர் எடுத்தவர்கள் எத்தனை பேர்! எலானோ அதையே தலைகீழாக, கடல் தாண்டி நம்மிடம் வந்து செய்தார்.

பெலேக்குச் சமமாக அவரைச் சொல்ல வேண்டாம். பெலேயைச் சொல்லும்போது கூடவே இவரையும் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.