கொட்டகையில் பிறந்த பல்தடப் பதிவு

ஒரு பாட்டின் குரலையும் கருவிகளையும் தனித்தனியே பதிந்து பின்னர் ஒன்றாகக் கூட்டும் முறையைப் பல்தடப் பதிவு என்பர். இஃது இன்று கணினியின் வித்தையாகக் கருதப்படினும், அதன் வரலாற்றின் சிறந்த ஏடு ஒரு வீட்டுக் கார்க் கொட்டகையிலேயே எழுதப்பட்டது. அமெரிக்கக் கித்தார்க் கலைஞர் லெஸ் பால், ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கொட்டகையில், தாம் வாசித்ததை ஒரு தட்டில் பதிந்தார். அதனை ஒலிக்கவிட்டு, உடன் வாசித்து, மற்றொரு தட்டில் பதிந்தார். இவ்வாறு எட்டுக் கித்தார்கள் முழங்கும் ‘லவர்’ என்னும் இசைத்தட்டு 1948இல் வெளிவந்தது. வாசித்தவரோ ஒருவரே. இடையில் ஒரு பிழை நேரின் அவ்வடுக்கை மீண்டும் தொடக்கத்திலிருந்தே பதியவேண்டும்.

அக்குறை நீக்கவந்த ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் எட்டுத்தட நாடாப்பொறி 1957இல் அவர் கைக்கு வந்தது. விலை 10,000 அமெரிக்க டாலர்! எளியோர்க்கு எட்டாத அவ்விலையால் இக்கலை பெருநிலையங்களின் உடைமையாயிற்று. ஆயினும் தடங்களின் எண்ணிக்கையே சிறப்புத் தருவதன்று. பீட்டில்ஸ் குழுவினரின் புகழ்பெற்ற ‘சார்ஜண்ட் பெப்பர்’ (1967) நான்குதடப் பொறிகளிலேயே உருவாயிற்று.

1979இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரணக் கேசட்டில் நான்கு தடம் பதியும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய கருவியில் தம் வாடகை வீட்டில் பதிந்த பாடல்களையே புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் ‘நெப்ராஸ்கா’ என வெளியிட்டார். தமிழுலகில் ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் இல்லத்தை ஒட்டி அமைத்த பஞ்சதன் பதிவுக்கூடமும், அங்கு உருவான ‘ரோஜா’வும் (1992) யாவரும் அறிந்தவை. கணினி வழியில் 1991இல் வந்த புரோ டூல்ஸ் நான்கு தடங்களுக்கு 6,000 டாலர் கேட்டது. 2000இல் ஆடாசிட்டி விலையின்றியே வெளிவந்தது. 2004இல் ஆப்பிள் கணினிக்கென வந்த மென்பொருளுக்குக் கராஜ்பேண்ட் எனப் பெயரிட்டனர். பழைய கொட்டகை பெயரளவிலேனும் மீண்டது.

இவ்வரலாறு மலேசியத் தமிழர்க்கு அயலானதன்று. தோட்டத் துண்டாடலும், பின்னர் வந்த வீடமைப்புத் திட்டங்களும் ஒரே லயத்தில் வாழ்ந்தவர்களைக் கிள்ளான், மேரு, காப்பார் முதலிய ஊர்களுக்குச் சிதறடித்தன. தாலாட்டறிந்த பாட்டி ஓர் அடுக்குமாடியில்; தப்படிப்பவர் வேறோர் ஊரில்; உறுமி வாசிக்கும் இளைஞர் பிரிக்பீல்ட்சில். இவர்களை ஒருநாள் ஓரிடத்தில் கூட்டுவது அரிது. பாட்டியின் குரலை இவ்வாரமும் தப்பை அடுத்த வாரமும் பதிந்து இணைக்கலாம் என்பதே பல்தடப் பதிவு நமக்குத் தரும் பெரும்பேறு. பாட்டியோ காத்திருக்கும் வயதினர் அல்லர்.

எனவே மென்பொருளைத் தேர்வார் நோக்கவேண்டியது தடங்களின் தொகையை அன்று; பாடுவோர் காதிற்குத் தம் குரல் பிந்தி வருகிறதா என்பதையே. பத்து மில்லிநொடி பிந்துதல், மூன்றரை மீட்டர் தொலைவில் நிற்பவர் குரலைக் கேட்பதற்கு ஒப்பாகும்; அதற்குமேல் பிந்தினால் தாளம் தடுமாறும். ரீப்பர் என்னும் மென்பொருள் பழைய கணினியிலும் இலகுவாக ஓடுவது. அறுபது நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்தபின், தனியார் உரிமத்திற்கு 60 டாலர் செலுத்தினால் போதும். பாடிய குரலைப் பதிந்து திருத்த மட்டும் வேண்டுவோர்க்கு ஆடாசிட்டியே சாலும். உறுமியும் தப்பும் எதிர்பாராது உரத்து எழுவன. ஆகலின் எம்மென்பொருளாயினும் 24 பிட் அளவில், பதிவுமட்டத்தை நன்கு தாழ்த்திப் பதிதல் வேண்டும். உச்சியில் சிதைந்த ஒலியைப் பின்னர் எவராலும் மீட்க இயலாது.

விலையினும் கவலை தருவது நிலையாமை. 1987 முதல் வளர்ந்த கேக்வாக் மென்பொருளின் ஆக்கத்தை அதன் உரிமை நிறுவனமான கிப்சன் 2017இல் நிறுத்திற்று. 2018இல் சிங்கப்பூரைச் சேர்ந்த பேண்ட்லேப் அதனை வாங்கி இலவசமாக்கியிராவிடின், பலர் பாடல்கள் திறக்கவியலாத கோப்புகளில் சிக்கியிருக்கும். ஆதலின் மென்பொருளின் சொந்தக் கோப்போடு நில்லாமல், ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே வேவ் கோப்பாகத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும். நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட் என்னும் அளவில் ஒரு தடம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் இடமே கொள்ளும். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், பதிந்த நாள் ஆகியவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, இரண்டு வீடுகளில் படி வைக்கலாம்.