பிஎக்ஸ்ஐ கடிகார ஒத்திசைவு

பிஎக்ஸ்ஐ கடிகார ஒத்திசைவு என்பது, ஒரே பெட்டியில் செருகப்பட்ட பல மின்னணு அளவீட்டு அட்டைகளை ஒரே கடிகாரத் துடிப்புக்கு இயங்கச் செய்யும் முறை ஆகும். பிஎக்ஸ்ஐ தரத்தை நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1997 இல் அறிமுகப்படுத்தியது.

தேவை

அட்டைகள் தத்தம் படிக அலையியற்றிகளை மட்டும் நம்பினால், ஒன்றாகத் தொடங்கிய அளவீடுகளும் மெல்ல விலகும். இரு அலையியற்றிகளின் அதிர்வெண்கள் பத்து இலட்சத்தில் 25 பங்கு வேறுபட்டால், ஒவ்வொரு நொடிக்கும் 25 மைக்ரோநொடி விலகல் சேரும்.

செயற்பாடு

பெட்டியின் பின்பலகை எல்லாச் செருகிடங்களுக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை வழங்குகிறது. செருகிடங்களை அது சென்றடையும் நேர வேறுபாடு 1 நானோநொடிக்கும் குறைவாகும். அட்டைகள் தம் அலையியற்றிகளை இத்துடிப்புடன் பூட்டிக்கொள்கின்றன. 2005 இல் வெளியான பிஎக்ஸ்ஐ எக்ஸ்பிரஸ் தரம் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பையும் சேர்த்தது. அதில் நேர வேறுபாடு 200 பிக்கோநொடிக்குள் அடங்கும். எனினும், எல்லா அட்டைகளும் ஒரே துடிப்பில் அளவீட்டைத் தொடங்கப் பொதுவான தூண்டல் குறிகையும் தேவை.