காக்கும் மாத்திரையும் கிளம்பும் வைரஸும்: தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி சிகிச்சையின் வரலாறு

1950இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோம், இளம்பெண்களிடம் கண்ட ஒரு நீடித்த கல்லீரல் அழற்சியை விவரித்தார். கண்ணில் மஞ்சள், நின்றுபோன மாதவிடாய், குருதியில் அளவு மீறிய காமா குளோபுலின் ஆகியவை அதன் அடையாளங்கள். கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் வைரஸ்களில் ஒன்றுகூட அப்போது ஆய்வகத்தில் பிடிபட்டிருக்கவில்லை. ஆறாண்டுகள் கழித்து மெல்போர்னில் இயன் மக்கே குழுவினர், இத்தகைய நோயாளிகளின் குருதியில் லூபஸ் நோய்க்குரிய செல்களைக் கண்டு ‘லூபாய்டு ஹெபடைடிஸ்’ என்று பெயரிட்டார்கள். 1965இல் அதே மக்கே ‘ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ்’ (தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி) என்ற பெயரை முன்வைத்தார். உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்குகிறது என்ற கருத்து அந்தப் பெயரில் நிலைபெற்றது.

தாக்குவது எதிர்ப்பாற்றல் என்றால் அதை அடக்குவதுதான் சிகிச்சை. அதற்கு வேண்டிய மருந்துகளும் அக்காலத்தில் கைக்கு வந்திருந்தன. ஸ்டீராய்டு முன்பே இருந்தது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் பணியாற்றிய ஆய்வகத்தில் 1957இல் அசதியோபிரின் உருவானது. 1964இலேயே மக்கே அதை இந்நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

உறுதியான சான்று லண்டனில் கிடைத்தது. ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஷீலா ஷெர்லக் குழுவினர் 1971இல் வெளியிட்ட ஆய்வில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைப் பெற்ற 22 பேரில் 3 பேரும், பெறாத 27 பேரில் 15 பேரும் இறந்திருந்தார்கள். இவ்வளவு துலக்கமான வேறுபாடு மருத்துவ ஆய்வுகளில் அபூர்வம். ஆனால் அன்றைய மருத்துவர்கள் கையாண்ட நோய்ப்பெயர் ‘நாள்பட்ட தீவிரக் கல்லீரல் அழற்சி’ என்பது. அது நுண்ணோக்கியில் தெரிந்த சிதைவுக்கு வைத்த பெயர். அச்சிதைவின் காரணத்தைச் சொல்லாது. தன்னெதிர்ப்பு நோயாளியும் ஹெபடைடிஸ் பி நோயாளியும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கினார்கள். லண்டனில் கண்ட பலன் இருவருக்கும் பொருந்தும் என எண்ண இடமிருந்தது.

அந்த எண்ணத்தை உடைத்தது ஹாங்காங். பாரூக் பிளம்பர்க் 1965இல் அறிவித்த ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’, சில ஆண்டுகளிலேயே ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் எனத் தெளிவாகியிருந்தது. எனவே நோயாளிகளை வைரஸ் உள்ளவர், இல்லாதவர் எனப் பிரிக்க முடிந்தது. ஹெபடைடிஸ் பி மிகுந்த அந்த நகரத்தில், வைரஸ் உள்ளவர்களுக்கு மட்டும் பிரெட்னிசோலோனையும் வெற்று மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். 1981இல் வெளியான முடிவு லண்டனுக்கு நேர் எதிர்: மருந்து பெற்றவர்களே மோசமானார்கள். என் கணிப்பில், இத்துறையில் நோயின் காரணத்தை அறியாமல் மருந்தைத் தொடக்கூடாது என்ற ஒழுங்கு உருவானது ஹாங்காங் முடிவுக்குப் பின்புதான்.

ஏன் அப்படி நடந்தது? ஹெபடைடிஸ் பி கல்லீரல் செல்லைத் தானாகக் கொல்வது குறைவு; வைரஸ் புகுந்த செல்லை எதிர்ப்பாற்றல் அழிப்பதால்தான் கல்லீரல் புண்படுகிறது. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பாற்றலைத் தூங்க வைக்கிறது. போதாக்குறைக்கு, ஸ்டீராய்டுக்கு நேரடியாகச் செவிசாய்க்கும் ஒரு பகுதி வைரஸின் மரபணுவிலேயே இருக்கிறது. இப்படி வைரஸ் பெருகிக் கிடக்கும் வேளையில் மருந்தைக் குறைத்தால் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டு, வைரஸ் நிரம்பிய செல்களை மொத்தமாகத் தாக்கும். ஆபத்து பெரும்பாலும் மருந்தை நிறுத்தும்போது வெளிப்படுவதால், ‘மருந்து நின்றதால் பழைய நோய் திரும்பிவிட்டது’ என்று தவறாக எண்ணி மறுபடி ஸ்டீராய்டைக் கூட்டவும் வாய்ப்புண்டு. குணமானவர் உடலிலும், வைரஸின் மரபணு வட்ட வடிவில் கல்லீரல் செல்லின் உட்கருவில் தங்கியிருக்கும் என்பது இதைவிடச் சிக்கலானது.

1989இல் ஹெபடைடிஸ் சி அடையாளம் காணப்பட்டபோது எதிர்த்திசையில் ஒரு குழப்பம் வந்தது. முதல் தலைமுறைப் பரிசோதனை, குருதியில் குளோபுலின் மிகுந்த தன்னெதிர்ப்பு நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் சி இருப்பதாகப் பொய் சொன்னது. 1990இலேயே லண்டன் மருத்துவர்கள் இதுபற்றி எச்சரித்தார்கள். அந்தப் பொய் முடிவை நம்பி எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இன்டர்ஃபெரானைக் கொடுத்தால், அடங்கியிருந்த தன்னெதிர்ப்பு நோய் கொழுந்துவிட்டு எரியும்.

லாமிவுடின், பின்னர் என்டெகாவிர், டெனோஃபோவிர் ஆகிய வைரஸ் தடுப்பு மருந்துகள் வந்தபின் ஹெபடைடிஸ் பி அளவில் நிலைமை மாறியது. முதலில் குருதிப் பரிசோதனை. வைரஸ் இருந்தால் தடுப்பு மருந்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஸ்டீராய்டு. அமெரிக்க இரைப்பைக் குடலியல் கழகம் 2015இல் தந்த வழிகாட்டுதல்படி, மேலுறைப் புரதம் உள்ளவர் நாளொன்றுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோனை நான்கு வாரங்களுக்குக் குறையாமல் எடுத்தால், வைரஸ் மீண்டெழும் வாய்ப்பு 10 விழுக்காட்டுக்கும் அதிகம். அசதியோபிரின் மட்டும் எடுப்பவருக்கு அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஹெபடைடிஸ் ஈ இன்னும் சங்கடமானது. 1955-56இல் டெல்லியில் கழிவுநீர் கலந்த குடிநீரால் பரவிய காமாலை, இந்த வைரஸின் வேலை என்று பிற்பாடு தெரிந்தது. வந்து போய்விடும் நோய் என்றே அதை நினைத்திருந்தார்கள். 2008இல் பிரான்சின் துலூஸ் நகரில், உறுப்பு மாற்றம் பெற்று இந்த வைரஸ் தொற்றிய 14 பேரில் 8 பேருக்கு அது நாள்பட்ட நோயாக நிலைத்தது. இப்படி நிலைப்பது பெரும்பாலும் ஐரோப்பாவில் காணும் மூன்றாம் மரபுவகை. இந்தியாவில் பரவலான முதல் வகைக்கு அந்தக் குணம் இல்லை. துலூஸ் மருத்துவர்கள் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைத்தே பலரை மீட்டார்கள். தன்னெதிர்ப்பு நோயாளியிடம் அதே வழி எளிதல்ல: குறைத்தால் அடிப்படை நோயே தலைதூக்கும்.

எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து வைரஸ் நோயை மோசமாக்குமா என்ற கேள்வி கோவிட் காலத்தில் மறுபடி எழுந்தது. பன்னாட்டுப் பதிவேடுகளிலிருந்து 2021இல் வெளியான ஆய்வில், தன்னெதிர்ப்பு நோயாளிகள் 70 பேரில் 23 விழுக்காட்டினர் இறந்தார்கள். மற்ற கல்லீரல் நோயாளிகளில் 20 விழுக்காட்டினர். வயதும் முற்றிய சிரோசிஸுமே முடிவைத் தீர்மானித்தன. மறு ஆண்டில் வெளியான வேறொரு ஆய்வோ, ஸ்டீராய்டும் அசதியோபிரின் வகை மருந்தும் எடுத்தவர்களுக்குக் கோவிட் கடுமையாக வந்ததாகக் கண்டது. முதல் ஆய்வு இந்நோயாளிகளைப் பிற கல்லீரல் நோயாளிகளோடு நிறுத்திப் பார்த்தது. இரண்டாவது, தன்னெதிர்ப்பு நோயாளிகளையே மருந்துவாரியாகப் பிரித்துப் பார்த்தது.