கொண்டாட்டப் பாட்டா, குமுறலா? 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ' பாடலின் கதை

கையை உயர்த்தி, கொடியை ஆட்டிப் பாடத் தோணும் பாட்டு. ஆனா வரிகளைக் கவனிச்சா கதையே வேற!

1984இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வெளியிட்ட பாடல் இது. 'ஹார்ட்லேண்ட் ராக்' வகையைச் சேர்ந்தது. அதாவது, சிற்றூர்களையும் தொழிலாளர் வாழ்க்கையையும் பாடும் ராக் இசை.

யாரைப் பற்றிய பாட்டு?

வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்ட ஓர் இளைஞரைப் பற்றியது. ஊர் திரும்பினால் வேலை இல்லை, உதவியும் இல்லை. பிறந்த நாட்டின் பெயரை அவர் திரும்பத் திரும்பச் சொல்வதில் பெருமையைவிட முறையீடே அதிகம்.

எப்படி உருவானது?

இயக்குநர் பால் ஷ்ரேடர் அனுப்பிய திரைக்கதையின் தலைப்பு இது. 1982இல் ஸ்பிரிங்ஸ்டீன் தனியாகக் கிட்டாருடன் சோகமாகப் பதிவு செய்தார். பிறகு 'ஈ ஸ்டிரீட்' இசைக்குழு சேர்ந்தது. மேக்ஸ் வைன்பெர்க்கின் டிரம்ஸ் அதிர, அதே பாட்டு விழாப் பாட்டு மாதிரி ஆயிடுச்சு!

அரசியலில் எப்படி நுழைந்தது?

1984 செப்டம்பர். தேர்தல் பிரசாரத்துக்காக நியூ ஜெர்சி சென்ற அதிபர் ரோனல்ட் ரேகன், ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்கள் நம்பிக்கை தருவதாகப் புகழ்ந்தார். சில நாள்களில் ஸ்பிரிங்ஸ்டீன் மேடையில் பதில் சொன்னார். அதிபருக்குப் பிடித்த ஆல்பம் எதுவாக இருக்கும் என்று கிண்டலாகக் கேட்டார். அடுத்துப் பாடியது, வேலை இழந்த கார்த் தொழிற்சாலை ஊழியரைப் பற்றிய பாடல்.

பிறகு?

1995 இசைப் பயணத்தில் டிரம்ஸ் இல்லாமல், ஒற்றைக் கிட்டாருடன் பாடினார். அப்போது யாரும் அதைக் கொண்டாட்டப் பாட்டு என்று நினைத்திருக்க முடியாது.

அடுத்த முறை கேட்கும்போது, கோரஸுக்கு நடுவில் வரும் வரிகளையும் கவனிச்சுப் பாருங்க.